ராஜா சாகவில்லை

அன்புள்ள தம்பி,

செஸ் வகுப்பில் பிள்ளைகளுக்கு நீங்கள் பாடம் எடுக்கும் வீடியோவைப் பார்த்தேன். பொறுமையாகச் சொல்லித்தருகிறீர்கள். ஒரே ஓர் இடம் மட்டும் மனதை உறுத்தியது. “செக்மேட் என்றால் ராஜா செத்துப்போனார் என்று அர்த்தம்” என்றீர்கள். பல புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் அதை மாற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் பாரசீகத்தின் ‘ஷா மாத்’. ஷா என்றால் அரசர், அதில் சிக்கல் இல்லை. மாத் என்பதில்தான் குழப்பம். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான். பாரசீகத்திலிருந்து ஆட்டம் அரபு தேசங்களுக்குப் போனபோது, அந்த ஒலி அவர்களுடைய வினைச்சொல்லோடு ஒத்துப்போனது. பாரசீகத்திலோ மாத் என்றால் திகைத்துப்போய், போக்கிடம் இல்லாமல் நிற்பது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் பலகையில் நடப்பதும் இதுவே.

பின்வரிசை மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு ராஜா தன் கடைசி வரிசையில், ஜி8 என்ற கட்டத்தில் இருக்கிறார். முன்னால் எஃப்7, ஜி7, எச்7-இல் அவருடைய சிப்பாய்கள் மூவரும் இடத்தை விட்டு அசையாமல் நிற்கிறார்கள். வெள்ளை யானை அதே வரிசையில் இ8-க்கு வந்து செக் சொல்கிறது. நடுவில் மறைக்கவோ யானையை வெட்டவோ ஆள் இல்லை. ராஜாவை யாரும் தொடவில்லை, அவருடைய காவலே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. குதிரையை வெட்டலாம், ராணியை வெட்டலாம், ராஜாவை மட்டும் இந்த ஆட்டத்தில் வெட்டுவதே இல்லை. அப்புறம் செத்தார் என்று எப்படிச் சொல்வது?

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரும் இந்தச் சொல்லை ஓர் இரங்கல் கவிதையில் வைத்திருக்கிறார். கறுப்பு உடை அணிந்த ஒரு வீரன், விதியோடு சதுரங்கம் ஆடித் தன் ராணிக் காயைப் பறிகொடுத்ததாகப் புலம்புகிறான். விதி அவனுக்கு செக் சொல்லி மேட்டும் சொல்கிறது. இறந்தது அவன் காதலி. மேட் ஆனவன் உயிரோடுதான் இருக்கிறான், எங்கே போவதென்று தெரியாமல். அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

நம் பத்திரிகைகளில் எதிரணிக்கு ‘செக் வைத்தார்’ என்று எழுதுகிறார்களே, அங்கேயும் யாரும் சாவதில்லை, நகர முடியாமல் போகிறார்கள். செக் என்ற சொல்லே ஷாவிலிருந்து வந்ததுதான். செக் போஸ்ட், வங்கி செக், கட்டம் போட்ட செக் சட்டை எல்லாமே அந்த ஷாவின் வாரிசுகள்தான்.

இன்னொன்று. ராஜாவுக்கு செக் இல்லை, ஆனால் தன் முறை வரும்போது விதிப்படி நகர்த்தக்கூடிய காய் ஒன்றுகூட இல்லை என்றால் ஆட்டம் டிரா. பிள்ளைகள் இதைக் கேட்டுக் குழம்புவார்கள். இந்த விதி எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், எதிராளியை அப்படி முடக்கியவருக்கே தோல்வி என்று வைத்திருந்தார்கள். அடுத்த வகுப்பில் பின்வரிசை மேட்டையும் இந்த முடக்கத்தையும் இரண்டு பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரண்டிலும் ராஜா எங்கே போகலாம் என்று பிள்ளைகளே தேடிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகர்