காலைக் காணோம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடனக் குறும்படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இந்த வகைப் படங்களுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ‘செல்பேசி கேமரா பெற்ற பிள்ளை’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை அப்படியே விட மனமில்லை. பிள்ளைக்கு எண்பது வயதாகிறது.

அமெரிக்க இயக்குநர் மாயா டெரன் ‘எ ஸ்டடி இன் கொரியோகிராஃபி ஃபார் கேமரா’ என்ற நடனப் படத்தை 1945இல் எடுத்தார். சில நிமிடங்களே ஓடும் மௌனப் படம். ஆடுபவர் டாலி பீட்டி ஒருவர்தான். மரங்களுக்கு நடுவே காலைத் தூக்குகிறார். அந்தக் கால் ஒரு வீட்டு அறைக்குள் இறங்குகிறது. கடைசியில் ஒரு தாவல். மேலே போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார், இறங்கவே மாட்டேன் என்கிறார். தனித்தனியாக எடுத்த துண்டுகளை ஒட்டிச் செய்த தாவல் அது. எந்த மேடையிலும் எவராலும் அப்படித் தாவ முடியாது. 1968இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக நார்மன் மெக்லாரன் எடுத்த ‘பா த டு’வில், வீசிய கை விட்டுச்சென்ற தடமெல்லாம் வெள்ளைக் கோடுகளாகத் திரையில் தங்கும். ஒருத்தி தன் நிழலுருவோடு தானே ஆடுகிறாள். பிறகு ஒருவன் வருகிறான். கதை அவ்வளவுதான். பதின்மூன்று நிமிடமும் கண்ணெடுக்க முடியாது.

இப்போது வருகிற படங்களில் பாதிக்கு மேல் என்னை ஏமாற்றுவது எடிட்டிங்கில். ஆடுகிறவள் ஒரு அசைவை முடிப்பதற்குள் மூன்று வெட்டு. தோள், கண், விரல், மறுபடி கண். காலைக் காணோம்! உடல் எங்கே எடையை வைக்கிறது என்று தெரியாமல் அவள் தயங்குகிறாளா, தடுமாறுகிறாளா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஹாலிவுட் நடனக் கலைஞர் ஃபிரெட் ஆஸ்டைர் 1930களிலேயே, தலைமுதல் கால்வரை சட்டகத்துக்குள் தெரிய வேண்டும், நடுவில் அதிகம் வெட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர். டெரன் வெட்டினாரே என்று கேட்கலாம். வெட்டினார், கால் தூக்கியதற்கும் இறங்கியதற்கும் நடுவில் பார்த்து வெட்டினார். அசைவு அறுபடவில்லை.

நான் நடனம் சொல்லிக்கொடுப்பவள். போன வருடம் என் மாணவி ஒருத்தி நாலு நிமிடப் படம் ஒன்று எடுத்தாள். இறந்துபோன அப்பாவின் சட்டையை மடித்து வைக்கிறாள், அதுதான் விஷயம். உதறுகிறாள், நீவுகிறாள், சட்டைக் கைகளை உள்ளே மடக்குகிறாள். ஒரு கை மட்டும் மடங்காமல் நழுவி நழுவி விழுகிறது. நாலாவது தடவை தன் கையை அதற்குள் நுழைத்துவிடுகிறாள். பிறகு கேமரா அவள் முதுகுப் பக்கம் நிற்கிறது. அந்தச் சட்டைக் கை மெல்ல வளைந்து அவள் தோளுக்கு வந்து இரண்டு தட்டு தட்டுகிறது. அவள் கைதான். ஆனால் பார்க்கும்போது அப்படித் தோன்றாது.

எடிட் செய்து கொடுத்த நண்பர் அந்த இடத்தில் அவள் அழுகிற முகத்தைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார். சண்டை போட்டு எடுக்கவைத்தோம். அடுத்து ஒரு விழாவுக்கு அனுப்பினாள். ‘கதை தெளிவாக இல்லை, பின்னணிக் குரல் சேர்த்தால் பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்தது. அப்பா, மகள், சட்டை என்று குரலில் சொல்லிவிட்டால் அந்த இரண்டு தட்டுக்கு என்ன வேலை? அவள் சேர்க்கவில்லை. படம் அவள் மடிக்கணினியிலேயே கிடக்கிறது.

கட்டுரையாளர் ‘எல்லோருக்கும் புரிகிற மாதிரி’ என்று பாராட்டியிருக்கும் படத்தையும் தேடிப் பார்த்தேன். புரிந்தது, உண்மைதான். ஆட்டத்தைப் பார்க்காமல் காதால் கேட்டாலே புரிந்திருக்கும்.

இன்னொன்று, உங்கள் வடிவமைப்பாளருக்கு. கட்டுரையோடு போட்டிருந்த ஐந்து புகைப்படங்களிலும் முகம் மட்டும்தான் இருந்தது. அடுத்த முறை ஒன்றிலாவது பாதம் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஒரு நடன ஆசிரியை