அந்த "ஆகவே"யைப் பற்றி

அன்பு மகளுக்கு,

உன் ஆய்வுக் கட்டுரையின் வரைவைப் படித்தேன். இரு காரணிகளுக்கும் இடைவினை இருப்பதாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "ஆகவே இவை உடலுக்குள் ஒன்றையொன்று தூண்டுகின்றன" என்று தாவியிருக்கிறாய். உன் வயதில் நானும் இதே "ஆகவே"யை எழுதி, ஆசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

புள்ளியியலில் இடைவினை அடக்கமான சொல். ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுகிறது, அவ்வளவுதான். உருளைக்கிழங்கு ரகங்கள் உரத்துக்கு வெவ்வேறு விதமாகப் பலன் தருகின்றனவா என்று 1923இல் புள்ளியியலாளர் ஃபிஷரும் அவரோடு பணியாற்றிய மெக்கென்சியும் தேடியது அதைத்தான்.

சிக்கல் அளவுகோலில் இருக்கிறது: விளைவுகளைக் கூட்டிப் பார்க்கிறோமா, பெருக்கிப் பார்க்கிறோமா என்பதில். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்களைப் பற்றி 1979இல் வெளியான அமெரிக்க ஆய்வை எடுத்துக்கொள். ஆண்டுக்கு லட்சம் பேரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள்: கல்நாரும் புகைப்பழக்கமும் இல்லாதவர்களில் சுமார் 11, கல்நார் மட்டும் என்றால் 58, புகை மட்டும் என்றால் 123, இரண்டும் சேர்ந்தால் 602. கூட்டிப் பார். கல்நார் 47ஐச் சேர்க்கிறது, புகை 112ஐச் சேர்க்கிறது. முதலில் இருந்த 11ஓடு சேர்த்து மொத்தம் 170தான் வரவேண்டும். 602 எங்கே, 170 எங்கே! இனி பெருக்கல் கணக்கில் பார்: 58ஐ 123ஆல் பெருக்கி 11ஆல் வகு. 650ஐ நெருங்குகிறது. அவ்வளவு பெரிய இடைவினை ஏறக்குறைய மறைந்துவிட்டது. இறந்தவர்கள் அதே மனிதர்கள்தான்.

நீ பயன்படுத்தியது லாஜிஸ்டிக் மாதிரி, அதாவது ஒன்று நடக்குமா நடக்காதா என்பதன் வாய்ப்பைக் கணிக்கும் மாதிரி. அது பெருக்கல் கணக்கில்தான் பேசும். அந்த அளவுகோலை நீ யோசித்துத் தேர்ந்தெடுத்தாயா, மென்பொருள் கொடுத்ததை வாங்கிக்கொண்டாயா? யாரை முதலில் காப்பாற்றுவது என்பது கேள்வியானால் எனக்குக் கூட்டல் கணக்குதான் வேண்டும். புகையால் கூடும் சாவு கல்நார் இல்லாத இடத்தில் 112, கல்நார் உள்ள இடத்தில் 544.

உடலுக்குள் நடப்பது வேறு கதை. ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோயில் மரபணுவும் உணவும் சேர்ந்துதான் மூளையைப் பாதிக்கின்றன என்று தயங்காமல் சொல்கிறோம். ஃபினைல்அலனினை உடைக்கும் நொதி பழுதாகியிருப்பது தெரியும், அந்த அமினோ அமிலத்தைக் குறைத்த உணவைப் பிறந்ததிலிருந்தே கொடுத்தால் குழந்தை தப்புவதும் தெரியும். பாதிப்பில் மரபணுவின் பங்கு எத்தனை சதவீதம் என்று அங்கே கேட்டால் அந்தக் கேள்விக்கே பொருளில்லை. உன்னிடம் இருப்பதோ ஒரு கெழு, மாதிரி கணக்கிட்டுத் தந்த ஓர் எண், மட்டும்.

அந்த வரியை அடித்துவிடு. நான்கு கட்டங்களின் (இரண்டும் இல்லை, முதலாவது மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும்) எண்களையும் விகிதமாக மாற்றாமல் அப்படியே அனுப்பு. கூட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா