காட்டுக்குப் போகிற மகளுக்கு

சின்னப்பாலம், பாம்பன்
ஐப்பசி 5

அன்புள்ள தாயி,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மூன்று நாளாக மழை, வாடைக் காற்றும் தொடங்கிவிட்டது. வத்தைகள் எல்லாம் கரையில் கிடக்கின்றன. கடலில் பாசி எடுக்கப் போக வழியில்லை. அதனால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய போட்டோவை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூடையில் மஞ்சளாக ஒரு குவியல், ஓரமாக வெள்ளையில் நாலைந்து மொட்டு. கீழே, “அம்மா, அம்மாச்சி வீட்டு வைக்கோல் படப்பில் வருமே, அதே காளான் இங்கேயும் இருக்கு” என்று எழுதியிருந்தாய். உடனே கூப்பிட்டு, கொட்டிவிடு என்றேன். கொட்டிவிட்டேன் என்றாய். அதன் பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் நான் பதறுகிறேன், நீ “சரிம்மா, சரிம்மா” என்கிறாய். விஷயம் பாதியில் நின்றுவிடுகிறது.

போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ ஜெர்மனியில் அந்தக் கறுப்புக் காட்டுக்குள் குனிந்து தேடுகிறாய் என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கூடையோடு போய்த் தேடி எடுப்பதுதானே நம் வீட்டுப் பெண்களின் வேலை. நான் 28 வருஷமாகக் கடலுக்குள் செய்வதை நீ மரத்தடியில் செய்கிறாய். ஆனால் எடுக்கக் கற்பதற்கு முன்னால் விடக் கற்க வேண்டும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

காளான் எனக்குப் புதிதில்லை. திருவாடானைப் பக்கம் பிறந்தவள் நான். ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியுமுன் உன் அம்மாச்சி என்னை எழுப்பிக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போவாள். கறையான் புற்றைச் சுற்றி, மண்ணைக் கீறிக்கொண்டு, கூரான மூக்கோடு புத்துக் காளான் எழும்பி நிற்கும். காலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வேர் மாதிரி கூடவே வரும். அது மண்ணுக்குள்ளே கறையான் தன் கூட்டில் வளர்க்கிற பூஞ்சையில் போய் முடிகிறது. அந்தக் காளானுக்குக் கறையான்தான் குடியானவன். குடை விரிந்துவிட்டால் புழு வைத்துவிடும் என்று அம்மாச்சி மொட்டாகத்தான் எடுப்பாள். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கினால் ஆட்டுக்கறி தோற்றுப்போகும்.

வைக்கோல் காளான் வேறு. அது படப்பின் அடியில் மக்கிய வைக்கோலில் முளைக்கும். முதலில் முட்டை மாதிரி இருக்கும். அப்புறம் மேல் தோல் கிழிந்து குடை எழும்பும். கிழிந்த தோல் அடியில் கிண்ணம் போல நிற்கும். உன் போட்டோவில் இருந்த மொட்டுகளும் அப்படித்தான் இருந்தன, எனக்கே அடையாளம் தெரிந்த மாதிரி இருந்தது. அங்கேதான் ஆபத்து.

உன் அண்ணனை உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துச் சொல்லச் சொன்னேன். ஆங்கிலத்தில் டெத் கேப் என்கிறார்களாம், சாவுத் தொப்பி. உன் ஊர்ப் பக்கம் ஓக், பீச் மரங்களின் அடியில் வருவது. உலகத்தில் காளான் சாப்பிட்டுச் சாகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த ஒன்றால்தான் சாகிறார்கள். இதுவும் முட்டையாகத்தான் பிறக்கிறது, இதற்கும் அடியில் கிண்ணம் உண்டு. ஆசிய நாடுகளிலிருந்து போய்க் குடியேறியவர்கள் நம் வைக்கோல் காளான் என்று நம்பி இதை எடுத்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில், கான்பெராவில், 2012 புத்தாண்டுச் சமயம் இதைச் சாப்பிட்டு 2 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த மண்ணுக்கே சொந்தமில்லாத காளான் அது. வெளிநாட்டிலிருந்து கொண்டுபோன மரங்களோடு போய்ச் சேர்ந்திருக்கிறது.

விரிந்த பிறகு வித்தியாசம் தெரியும். வைக்கோல் காளானுக்குத் தண்டில் வளையம் கிடையாது. குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் முற்ற முற்ற இளஞ்சிவப்பாகும். சாவுத் தொப்பிக்குத் தண்டில் பாவாடை மாதிரி ஒரு வளையம் தொங்கும், மடிப்பு கடைசி வரை வெள்ளை. குடையை வெட்டிக் காகிதத்தில் கவிழ்த்து ராத்திரி முழுக்க வைத்தால் அதிலும் தூள் வெள்ளையாகவே படியும். மொட்டில் இது எதுவும் தெரியாது. வைக்கோலில் முளைத்ததா, மரத்தடி மண்ணில் முளைத்ததா என்று முதலில் பார். நீ நிற்பது காடு, அங்கே படப்பு ஏது?

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம். கரைவலை இழுத்தவர்கள் வேண்டாததை மணலில் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் நாலு மீன், உள்ளங்கை நீளம், செதில் இல்லாமல் வழவழவென்று, வயிறு பருத்து, நல்ல சதைப்பிடிப்பாகக் கிடந்தன. நான் கண்மாயில் அயிரையும் விராலும் கெளுத்தியும் பார்த்து வளர்ந்தவள். செதில் இல்லாவிட்டால் எனக்கு அது கெளுத்தி வகைதான். இவ்வளவு நல்ல மீனை வீணாக்குகிறார்களே என்று மடியில் கட்டிக்கொண்டு வந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, ஈரலையும் சினையையும் பத்திரமாக எடுத்துச் சட்டியில் போட்டுப் புளி கரைத்து ஊற்றிவிட்டேன். கொதி வருகிற நேரத்துக்கு உன் அப்பத்தா கடலிலிருந்து வந்தார். சாம்பல் மேட்டில் கிடந்த தலையைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் சட்டியைப் பிடித்துத் தூக்கி, கொல்லையில் குழி தோண்டிக் கவிழ்த்து, சட்டியையும் உடைத்துப் போட்டு மூடினார். கோழிகளை விரட்டிவிட்டு, குழிமேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தத் தலையின் வாயைக் குச்சியால் பிளந்து காட்டினார். மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல், கிளி மூக்கு மாதிரி ஒட்டியிருந்தன. “இது பேத்தை. ஈரல்லயும் சினையிலயும் விஷம். எம்புட்டு கொதிச்சாலும் போகாது. மொதல்ல உதடு மரத்துப்போகும், அப்புறம் மூச்சு நின்னுரும்” என்றார். நான் அழுதேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் தலையைத் தடவி, “ஒங் கண்ணுல குத்தமில்லத்தா. அது கண்மாய்க் கண்ணு. கடலுக்கு வேற கண்ணு வேணும்” என்றார்.

உன் போட்டோவைப் பார்த்ததும் அந்தச் சட்டிதான் என் நினைவுக்கு வந்தது.

கடல் கண் வர எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? முதல் வருஷம் முழுக்க மரிக்கொழுந்துப் பாசி ஒன்றை மட்டும்தான் எடுக்க விட்டார். கஞ்சிப்பாசி கையில் தட்டினாலும் விட்டுவிட வேண்டும், கட்டக்கோரைப் பாசி கொத்துக் கொத்தாக ஆடினாலும் விட்டுவிட வேண்டும். கலங்கின தண்ணீரில் கண்ணே தெரியாத நாளில், துணி சுற்றிய விரலால் பாறையைத் தடவி, இதுதான் என்று கை சொல்கிற வரைக்கும் அடுத்ததைச் சொல்லித்தரவில்லை. நீ லேபில் தட்டுத் தட்டாக ஊற்றுகிறாயே அகர் என்கிற கூழ், அது இந்த மரிக்கொழுந்து மாதிரிப் பாசியிலிருந்து எடுப்பது என்று நீதான் எனக்குச் சொன்னாய். அன்று முதல் நான் பிய்க்கிற ஒவ்வொரு பிடியும் உன்னிடம் வந்து சேரும் என்று ஒரு நினைப்பு.

அதே மாதிரி செய். இந்த வருஷத்துக்கு ஒரே ஒரு காளான் போதும். குடைக்கு அடியில் மடிப்பில்லாமல் பஞ்சு மாதிரி இருக்கிற ஸ்டைன்பில்ஸ் இருக்கிறது என்றாயே, அதில் தொடங்கு. சாவுத் தொப்பிக்கு அடியில் மடிப்புத்தான், பஞ்சு இருக்காது. ஸ்டைன்பில்ஸ் மாதிரியே ஒரு கசப்புக் காளானும் உண்டாம். ஸ்டைன்பில்ஸுக்குத் தண்டில் வெள்ளை வலைப்பின்னல், கசப்பானுக்குக் கறுத்த பின்னல், பஞ்சும் முற்றினால் ரோஸ் நிறம். அது ஆளைக் கொல்லாது. ஆனால் கசந்த சுரைக்காய் ஒரு துண்டு விழுந்தால் குழம்பு முழுக்கக் கசக்குமே, அந்தக் கதைதான். அந்த மஞ்சள் குவியல் அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும். பிஃபர்லிங் என்றாய். அதற்கு மடிப்பு தனித்தனியாக இல்லாமல் சுருக்கம் மாதிரி தண்டு வரை இறங்கும், ஆப்ரிகாட் பழ வாசனை அடிக்கும் என்று அண்ணன் படித்தான். அந்தப் பழத்தை நான் பார்த்ததில்லை. வாசனையை நீ அங்கே யாரிடமாவது காட்டி உறுதி செய்துகொள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி கூட வருகிறார் என்றாய். அவரை விடாதே. அவர் காலடியிலேயே நட. ஆனால் அவர் சொல்வதையும் ஒரு தடவை சரிபார். ஏன் என்றால், கிரெம்ப்லிங் என்று ஒரு காளானை அங்கே ஒரு காலத்தில் வீடு வீடாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். பல தடவை சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களுக்கு, திடீரென்று ஒரு நாள் உடம்பே தன் ரத்தத்தைத் தானே அழிக்கத் தொடங்கிவிடுமாம். ஜூலியஸ் ஷெஃபர் என்று அந்த நாட்டிலேயே பெரிய காளான் அறிஞர், அவரே 1944-ல் இதைச் சாப்பிட்டுத்தான் இறந்தார். “நாங்க காலங்காலமா திங்கிறோம்” என்கிற பேச்சு எல்லாவற்றுக்கும் செல்லாது தாயி. 1921-ல் தொடங்கிய காளானியல் சங்கம் ஒன்று அங்கே இருக்கிறதாம், தேர்வு வைத்து ஆலோசகர்களுக்குச் சான்று தருகிறார்களாம். கூடையைக் கொண்டுபோய் அப்படி ஒருவரிடம் காட்டு. ஒவ்வொரு தடவையும் காட்டு, வெட்கப்படாதே.

வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும், நத்தை தின்றால் மனுஷனும் தின்னலாம் என்றெல்லாம் யார் சொன்னாலும் காதில் வாங்காதே. ஒன்றும் உண்மையில்லை. சாவுத் தொப்பி ருசியாகவே இருக்குமாம், பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று. கடலில் நாங்கள் வேரை விட்டு மேலே மட்டும் பிய்ப்போம். அடி இருந்தால்தான் திரும்பத் தழையும். மாதத்தில் 12 நாள்தான் போவோம், அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6. மற்ற நாள் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தில் நீ காளானையும் கத்தியால் மேலோடு அறுத்திருக்கிறாய், போட்டோவில் தெரிந்தது. அடையாளம் தெரியாததை அப்படி அறுக்கக்கூடாது. கிண்ணம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், எதைக் காட்டி எச்சரிக்குமோ அதையே விட்டுவிட்டு வருவாய். அடியோடு திருகி எடுத்துப் பார்த்துவிட்டு, குழியை இலையால் மூடிவிடு. மண்ணுக்குள் இருக்கிற நூல் நூலான உடம்புதான் செடி மாதிரி, நாம் எடுப்பது பழம் மாதிரி. வீட்டுக்கு வேண்டியதற்கு மேல் எடுக்காதே, அங்கே சட்டமும் அப்படித்தானாம்.

பிளாஸ்டிக் பையில் போடாதே. புழுங்கிப்போய், நல்ல காளானே கெட்டு வயிற்றைக் கெடுக்கும். அன்றே சமை, பச்சையாக வாயில் வைக்காதே, நன்றாக வேகவிடு.

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். சாப்பிட்டு 6 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்கக்கூட, ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தியும் பேதியும் பிடுங்கும். பிறகு நின்றுவிடும், சரியாகிவிட்டது என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால் காளான் சாப்பிட்ட பிறகு வயிற்றில் ஏதாவது என்றால் காத்திருக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, மீந்த குழம்பையும் நறுக்கிப் போட்ட தோலையும் கையோடு எடுத்துப் போ. அதைப் பார்த்து என்ன காளான் என்று கண்டுபிடிப்பார்கள்.

வருகிற வாரம் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி உன் ஊருக்கு வருகிறார். அவரிடம் ஓலைக் கொட்டான் ஒன்று கொடுத்துவிடுகிறேன். நானே முடைந்தது, குருத்தோலை. காற்றுப் போகட்டும் என்று பின்னலைக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறேன். உள்ளே நடுவில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறேன். தெரிந்தது ஒரு பக்கம், காட்டிக் கேட்க வேண்டியது மறு பக்கம். இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள். நனைந்தால் நிழலில் காய வை, வெயிலில் வைத்தால் ஓலை விறைத்து ஒடியும்.

உன் அம்மா