தாண்டு குழிகளுக்கு ஆற்று மணல் ஒதுக்குங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

வணக்கம்.

நீளம் தாண்டுதலில் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 மீட்டர், மும்முறைத் தாண்டுதலில் பிரவீன் சித்ரவேல் 17.37 மீட்டர். 2023-இல் இந்த இரண்டு தேசிய சாதனைகளையும் படைத்தவர்கள் நம் பிள்ளைகள். அவர்களுக்குப் பின் வரவேண்டியவர்கள் இப்போது பள்ளி மைதானங்களில் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தாண்டி விழும் மணல் குழியைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

டெண்டரில் வெறுமனே 'மணல்' என்று போட்டால் எம்-சாண்ட் வந்து இறங்கும். கட்டடத்துக்கு அது சரி. குழிக்கு ஆகாது. பாறையை உடைத்த துகள் என்பதால் முனைகள் கூராக இருக்கும், தூளும் கலந்திருக்கும். ஒரு மழை நனைந்து வெயிலில் காய்ந்ததும் தளம் போட்டதுபோல் இறுகிவிடும். விழும் வேகத்தை மணல் வாங்காவிட்டால் குதிகாலும் முழங்காலும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியும்தான் வாங்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது எத்தனை மாத ஓய்வு என்பது உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தெரியும்.

வேண்டியது கழுவிச் சலித்த ஆற்று மணல். 2 மில்லிமீட்டருக்கு மேல் கல் இருக்கக் கூடாது. லாரி வந்ததும் கண்ணாடி பாட்டிலில் கால்வாசி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். தெளிந்தபின் மேலே வண்டல் கனமாகப் படிந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். 9 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள குழிக்குச் சுமார் 4 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) பிடிக்கும். அடியில் ஜல்லியும் வடிகால் குழாயும் இல்லையென்றால் ஐப்பசி மழையில் குழி குட்டையாகும்.

மணல் நல்லதாக இருந்தாலும் கொத்தாமல் விட்டால் கெட்டிப்படும். பயிற்சிக்கு முன் மண்வெட்டியால் ஓரடி ஆழம் கிளறி, தண்ணீர் தெளித்து, ஓடுபாதை மட்டத்துக்குச் சமன்படுத்த வேண்டும். உலர்ந்த மணலில் தடம் சரிந்துபோகும், அளவும் தவறும். இரவில் தார்ப்பாய் போடாத குழி நாய்களுக்குத்தான். தாண்டுபவர் கால் ஊன்றி எழும்பும் உந்து பலகை ஓடுபாதையைவிடச் சற்றுத் தூக்கி நின்றாலும் கணுக்கால் பிசகும். குழியைச் சுற்றியுள்ள சிமென்ட் விளிம்பை மழுக்கி ரப்பர் ஒட்டுவதற்குப் பெரிய செலவில்லை.

இவை எதற்கும் புதிய திட்டம் தேவையில்லை. டெண்டர் விவரக்குறிப்பில் மேற்சொன்ன மணல் அளவுகளைச் சேருங்கள். கட்டுமானத் தொகையோடு நிறுத்திவிடாமல், மணல் நிரப்பவும் தார்ப்பாய் மாற்றவும் ஆண்டுதோறும் தனிப் பராமரிப்புத் தலைப்பில் நிதி கொடுங்கள். ஆற்று மணல் கிடைப்பது அரிது என்பதை அறிவோம். கடத்தலில் பறிமுதலாகி ஏலத்துக்குப் போகும் மணலிலிருந்து குழிக்கு 4 யூனிட் வீதம் முதலில் எடுத்துவைக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
தாண்டுதல் பயிற்றுநர்கள்