அந்தத் தந்தியையும் கோப்பில் வையுங்கள்

வத்திக்கானில் உள்ள புனிதர்பட்ட நிலைகளுக்கான திருப்பீடத் துறைக்கு,

வணக்கம். ஆஸ்திரியப் பேரரசர் கார்லைப் பற்றி எழுதுகிறேன். 2004இல் அருளாளர் ஆனவர், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி. அவருடைய திருநாள் அக்டோபர் 21. இறந்த நாளல்ல, 1911இல் ஸிட்டாவைக் கைப்பிடித்த நாள். அந்தத் தேர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன அக்டோபரில் மறைக்கல்வி வகுப்பில் இவர்கள் கதையைச் சொன்னேன். முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1917 மார்ச்சில், ஸிட்டாவின் அண்ணன்கள் சிக்ஸ்டஸும் சேவியரும் வியன்னாவை அடுத்த லாக்சன்பர்க் அரண்மனைக்கு ரகசியமாக வந்தார்கள். இருவரும் பெல்ஜியப் படையில் இருந்தவர்கள், அதாவது எதிரணி. ஜெர்மனி வசம் இருந்த அல்சேஸ்-லொரைன் பகுதி விஷயத்தில் பிரான்ஸ் கேட்பது நியாயம்தான், அதற்குத் துணை நிற்பேன் என்று கார்ல் கடிதம் எழுதி மச்சான் கையில் கொடுத்தார். தேதி மார்ச் 24. கூட்டாளியான ஜெர்மனிக்கு இந்தக் கடிதம் தெரியாது. இத்தாலிக்கு என்ன தருவது என்று அதில் ஒரு வரியும் இல்லை. சமாதானப் பேச்சு நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

“அப்புறம் என்ன ஆச்சு சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

1918 ஏப்ரலில் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமன்சோ கடிதத்தை வெளியிட்டுவிட்டார். கார்ல் ஜெர்மானியப் பேரரசர் கைசர் வில்ஹெல்முக்குத் தந்தி அடித்தார், நான் அப்படி எழுதவில்லை என்று.

“அருளாளர் பொய் சொன்னாரா சார்?” என்று அந்தப் பெண் கேட்டாள். நான் மழுப்பிவிட்டு, திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டின் சமாதான அழைப்புக்குத் தாவிவிட்டேன்.

வெட்கமாக இருந்தது. பக்தி நூல்களிலும் இதே மழுப்பல்தான். படைக்கும் மாவுக்கும் ஜெர்மனியை நம்பியிருந்த நாட்டின் அரசன், முப்பது வயதுக்காரர், பயந்துபோய்ப் பொய் சொன்னார். கடிதம் எழுதிய அதே கைதான். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து, இரண்டையும் சொல்லியே அவரைப் புனிதராக்குங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். 1922 ஏப்ரல் 1 அன்று மதேய்ரா தீவில் கார்ல் நிமோனியாவில் இறந்தபோது ஸிட்டாவுக்கு 29 வயது, வயிற்றில் எட்டாவது பிள்ளை. 1989இல் சாகும்வரை கறுப்பு உடைதான். சமாதானத் தூது போனதே அவர் பிறந்த வீட்டு வழியாக. அவருடைய புனிதர்பட்ட விசாரணை 2009இல்தான் தொடங்கியது. இன்னும் ‘இறை ஊழியர்’ என்ற முதல் படியில்தான் இருக்கிறார். திருநாள் கல்யாண நாளில், கோப்பு மட்டும் தனித்தனியா?

வரும் அக்டோபரிலும் அந்தப் பெண் வகுப்புக்கு வருவாள். இந்த முறை “ஆமாம்மா, சொன்னார்” என்று சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்கப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியர்