சித்தியின் பயாப்ஸி அறிக்கை

மேற்கு மாம்பலம்,
சென்னை

அன்பு மகள் கயலுக்கு,

சித்தியின் பயாப்ஸி அறிக்கையைப் படித்துவிட்டு, "உடம்பு பருத்ததால்தான் மார்பகப் புற்றுநோய் வந்ததா அம்மா?" என்று கேட்டாய். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால், விலங்கியல் கற்பித்தவள் என்ற முறையில் நிதானமாக எழுதுகிறேன்.

ஈ.ஆர். 90 சதவீதம் என்று அதில் இருக்கிறதல்லவா? ஈ.ஆர். என்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கான ஏற்பி. கட்டியின் செல்களில் பெரும்பாலானவற்றில் அந்த ஏற்பிகள் இருக்கின்றன என்று பொருள். ஈஸ்ட்ரோஜன் அந்த ஏற்பியில் பொருந்தியதும் செல் பெருகத் தூண்டப்படுகிறது. மாதவிடாய் நின்றபின் சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன்களை, கொழுப்புத் திசுவிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். கொழுப்பு கூடக்கூட இந்த மாற்றமும் கூடுகிறது. பருமனோடு இன்சுலினும் உயர்வதால், ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் புரதம் ரத்தத்தில் குறைந்து, அந்த ஹார்மோன் இன்னும் தாராளமாகச் செல்களை எட்டுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் பருமன், குறிப்பாக ஏற்பியுள்ள மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பை உயர்த்துவது இதனால்தான். அதற்கு முந்தைய வயதில் கணக்கே வேறு. பருமனான பெண்களிடம் இந்த வகை சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது.

ஆனால் வாய்ப்பு கூடுகிறது என்பதை வைத்து, இவளுக்கு இதனால்தான் வந்தது என்று எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது. ஒல்லியான பெண்களுக்கும் வருகிறது. "வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா?" என்று பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் கூடத்தில் பேசியது காதில் விழுந்து, சித்தி பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இப்போது அவளுக்கு தினமும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. நான் சொன்ன அந்த அரோமடேஸைத்தான் அது தடுக்கிறது. மூட்டுகள் வலிக்கின்றன, காலையில் விரல்களை மடக்கச் சிரமப்படுகிறாள், காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். எலும்பின் அடர்த்தியும் குறையக்கூடும் என்பதால் அதற்கான ஸ்கேன் எடுத்து, கால்சியம் கொடுத்திருக்கிறார்கள். வலி தாங்காமல் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடுவாளோ என்பதுதான் என் கவலை. மாலையில் நடேசன் பூங்காவுக்கு அழைத்துப்போய் நடக்கவைக்கிறேன். நடந்தால் வலியும் கொஞ்சம் குறைகிறது.

நீயும் மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகிறாய். நம் நாட்டவருக்கு உடல் நிறை எண் (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 23 ஆனாலே கூடுதல் எடை, 25 ஆனால் பருமன் என்றே கொள்கிறார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். அளந்து பார்த்து எனக்கு எழுது. மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமை எப்போது எடுப்பது என்று உன் மருத்துவரிடம் இந்த மாதமே கேட்டுவிடு.

சித்தியோடு பேசும்போது எடையைப் பற்றி நீயாகப் பேச்செடுக்காதே. கை வலி எப்படி இருக்கிறது, மாத்திரை வாங்கியாயிற்றா என்று கேள்.

அன்புடன்,
அம்மா