ஓ.டி.பி. பார்த்துவிட்டு வருவதற்குள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "போன் ரொம்ப ஸ்லோ" என்று கொண்டுவருகிறவர்களில் பலருக்கு நான் போனைத் திறந்து பார்க்க வேண்டிய வேலையே இருப்பதில்லை. கோளாறு ஆப்பில் இருக்கிறது.

போன வாரம் மல்லிகைப்பூ கட்டி விற்கும் அக்கா ஒருவர் வந்தார். 2 ஜி.பி. ராம் (ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களுக்கான நினைவக இடம்) போன். ஈரக்கையோடு எடுத்து எடுத்து, சார்ஜர் செருகும் இடத்தில் பச்சைக்களிம்பு ஏறியிருந்தது. ஓர் ஆப்பில் கடன் தவணை கட்ட வேண்டும். நம்பர் அடித்தார், ஓ.டி.பி. வந்தது, அதைப் பார்க்க மெசேஜுக்குப் போனார். திரும்பினால் ஆப் முதலிலிருந்து தொடங்கி மறுபடியும் நம்பரைக் கேட்டது. என் கண் முன்னால் நாலு தடவை இப்படி. "தம்பி, பூவெல்லாம் வாடுதுப்பா, என்னன்னு பாரு" என்றார். ஐந்தாவது தடவை, 24 மணி நேரம் கழித்து முயலுங்கள் என்று வந்துவிட்டது. தவணைக்கு அன்றுதான் கடைசி நாள்.

ராம் குறைந்த போனில் வேறு ஆப்புக்குப் போனால், இடம் பற்றாமல் பின்னால் இருப்பதை ஆண்ட்ராய்டு மூடிவிடும். எந்தத் திரையில் இருந்தோம், என்ன அடித்தோம் என்று குறித்துவைக்கும் வசதியையும் அதுவே தருகிறது. ஓ.டி.பி.யை ஆப்பே எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆப்பை எழுதியவர்கள் இரண்டையும் செய்யவில்லை.

அந்த ஆப்பின் முகப்பில் பெரிய பெரிய விளம்பரப் படங்கள் வேறு. 4000க்கு 3000 புள்ளி (பிக்சல்) உள்ள படம் ஃபைலாக 3 எம்.பி. இருக்கலாம், திரையில் காட்ட விரிக்கும்போது புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்.பி. ராமைப் பிடிக்கும். இந்தப் போன்களின் திரை அகலமே 720 புள்ளிதான். அந்த அளவுக்குச் சுருக்கி அனுப்பினால் ஒன்றரை எம்.பி. சொச்சத்தில் முடிந்துவிடும்.

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்களில் ஆப் எழுதும் நம் பிள்ளைகளிடம் கேட்கிறேன்: மேசையில் ஒரு 2 ஜி.பி. போன் வைத்துக்கொள்ளுங்கள். டெவலப்பர் ஆப்ஷனில், விட்டு வெளியே போன திரையை உடனே மூடிவிடும் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்பதைப் போட்டுவிட்டு, ஓ.டி.பி. வரும்போது மெசேஜுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். அந்த அக்கா பட்ட பாட்டில் முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிடும்.

கஸ்டமர் கேரில் அவரைப் புதுப் போன் வாங்கச் சொன்னார்களாம். இந்தப் போனுக்கு டிஸ்ப்ளே மாற்றிய காசையே அவர் வாரம் 100 ரூபாயாகத்தான் எனக்குக் கொடுத்துத் தீர்த்தார்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.